காற்று நிழல்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. வெயிலுக்கு நிழல் உண்டு என்பதை யாவரும் அறிவர். காற்றுக்கும் நிழல் உண்டு என்பதை நன்கு அறிந்தோர் நெடுஞ்சாலையில் வண்டி செலுத்துவோரே ஆவர். பெரிய லாரியொன்று முன்னே செல்ல, அதனை அணுகிப் பின்செல்லும் சிறு வண்டிக்கு எதிர்காற்றின் தாக்குதல் குறைகின்றது. அது குறையவே, எரிபொருளும் சிறிது மிஞ்சுகின்றது. இம்மிச்சம் எவ்வளவு, இதற்கு நாம் கொடுக்கும் விலை யாது, அவ்விலையைக் கொடாமலே மிச்சம் பெறுதற்கு வழி உண்டோ என்னும் மூன்றினையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

யாம் வாழ்வது கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரம். 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நச்சுச் சாராயத்தால் நேர்ந்த பேரிழப்பினால் எம் பகுதியின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு பேசப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் கருணாபுரம் நாட்கூலியால் வாழ்வோர் மிகுந்த இடமாகவே இருந்து வருகின்றது. மூட்டை சுமப்போர், வண்ணம் பூசுவோர், கட்டட வேலை செய்வோர் எனப் பலரும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறி மேற்கே சின்னசேலத்திற்கும் ஆத்தூருக்கும், கிழக்கே தியாகதுருகத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் செல்வர். அவர்கள் செல்லும் வழி சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. முன்னர் 68 என எண்ணிடப்பெற்ற அது இப்போது 79 எனப்படுகின்றது. கல்வராயன் மலையை ஒருபுறம் தொலைவில் காட்டிச் செல்லும் அச்சாலையில் நெல்லும் அரிசியும் மக்காச்சோளமும் ஏற்றிய லாரிகளும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டு செல்லும் லாரிகளும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நோக்கிக் கரும்பு சுமந்து திரும்பும் வண்டிகளும் அறுவடைக் காலங்களில் ஓயாது செல்லும். ஆதலின் காற்று நிழலுக்கு இங்குப் பஞ்சமில்லை.

இனி அந்நிழல் எவ்வாறு உண்டாகின்றது என்பதைக் கூறுவாம். காற்று கண்ணுக்குப் புலனாகாமையால் அதற்கு எடை இல்லை என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. இரண்டரை மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உடைய லாரி ஒன்று ஒரு கிலோமீட்டர் செல்லும்போது பத்தாயிரம் கன மீட்டர் இடத்தினூடே தன் முகப்பைச் செலுத்துகின்றது. அவ்விடத்தில் நிறைந்திருக்கும் காற்றின் எடை ஏறத்தாழ 12,000 கிலோகிராம். அஃதாவது, லாரி தான் சுமக்கும் சரக்கோடு ஒத்ததொரு பெருஞ்சுமையைக் கிலோமீட்டர் தோறும் இருபுறமும் மேலும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே செல்லுகின்றது. தள்ளுண்ட காற்று லாரியின் பின்புறத்தை உடனே வந்து நிரப்புவதில்லை. அங்கே அழுத்தம் குறைந்து, சுழன்று, லாரியைத் தொடர்ந்து இழுபடும் காற்றுப் பகுதி ஒன்று உண்டாகின்றது. அதனுள் புகுந்த வண்டி பிறர் வெட்டிய வாய்க்காலில் செல்லும் நீரைப் போல எளிதாகச் செல்லும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு ஒரே அளவில் வளர்வதன்று. வேகம் இருமடங்காயின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும். இவ்வொரு விதியை நினைவிற் கொள்ளுமாறு வாசிப்போரை வேண்டுகின்றோம். கட்டுரையின் முடிபு இதனையே பற்றி நிற்கின்றது.

இந்நிழலின் பயனைப் பழங்காலத்தவரும் கண்டறிந்திருந்தனர். 1899 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் அமெரிக்க நாட்டின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்பி என்பவர், ஓடும் புகைவண்டியின் பின்னே, தண்டவாளங்களுக்கு இடையே பரப்பிய பலகையின் மீது மிதிவண்டி செலுத்தி, ஒரு மைல் தொலைவை ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் கடந்தார். 2018 ஆம் ஆண்டு செப்டம்பரில் டெனிஸ் முல்லர்-கொரெனெக் என்னும் அம்மையார் யூட்டா மாநிலத்து உப்பு வெளியில் பந்தய மோட்டார் ஒன்றின் மறைவில் மிதிவண்டியில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். மனிதரின் கால் வலிமை மட்டும் இவற்றைச் செய்திராது. முன்சென்ற வண்டி காற்றை விலக்கியமையே காரணம். ஆயினும் அவ்விருவர்க்கும் வழி முழுவதும் வெறுமையாக்கி விடப்பட்டிருந்தது. குறுக்கே ஒரு மாடு வரவில்லை. சாலையோரத்தில் மக்காச்சோளம் காய வைக்கப்படவுமில்லை.

லாரியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்டவரும் ஒரு மிதிவண்டிக்காரரே. கலிபோர்னியாவில் நாசாவின் விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த எட்வின் சால்ட்ஸ்மன் மிதிவண்டியில் செல்லுங்கால், தம்மைக் கடக்கும் லாரிகளின் காற்று முதலில் தம்மை ஒதுக்கித் தள்ளுவதையும் பின்னர் உள்ளே இழுப்பதையும் உணர்ந்தார். அவ்வுணர்ச்சியிலிருந்து பிறந்த சோதனைகள் 1973 ஆம் ஆண்டில் தொடங்கின. பெட்டி போன்ற வண்டியின் கூரிய விளிம்புகளை உருண்டையாக்கிய அளவிலேயே காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இக்காலத்து லாரிகளின் முகப்பு வளைந்தும், ஓட்டுநர் அறையின் மேல் சாய்ந்த தகடு பொருந்தியும் இருப்பதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே காரணம். அவர் உணர்ந்த தள்ளுதலும் இழுத்தலும் நம் சாலையில் செல்லும் மோட்டார் சைக்கிள்காரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் தோளில் உணர்வனவே.

மிச்சத்தின் அளவு யாது? 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'மித்பஸ்டர்ஸ்' என்னும் நிகழ்ச்சியில் இதனை ஒரு காரைக் கொண்டு சோதித்தனர். மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் லாரிக்கு 100 அடி பின்னே சென்றபோது எரிபொருளின் பயன் நூற்றுக்கு 11 மிகுந்தது. 20 அடியில் 27 மிகுந்தது. 10 அடியில் 39 மிகுந்தது. ஆனால் 2 அடி அளவிற்கு நெருங்கியபோது 28 ஆகக் குறைந்துவிட்டது. இடைவெளியைக் காத்தற்பொருட்டு ஓட்டியவர் முடுக்கியை ஓயாது மிதித்தும் விட்டும் வந்தமையே அதன் காரணம். யாவும் ஆயத்தம் செய்து நடத்திய சோதனையாயினும், இது பிறர் பின்பற்றத் தக்கதன்று என்று அந்நிகழ்ச்சியினர் எச்சரித்தனர்.

39 என்னும் எண்ணைக் கேட்ட அளவில் உள்ளம் மகிழும். அதன் அருகே மற்றோர் எண்ணை வைத்துப் பார்த்தல் வேண்டும். மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் 10 அடியைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. முன்னே சிவப்பு விளக்கு எரிவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அடைவதற்கு ஒன்று முதல் ஒன்றரை நொடி வேண்டும். ஆகவே அந்நிழலில் செல்பவர் தம் கண்ணையும் காலையும் நம்பிச் செல்லவில்லை. முன்செல்லும் லாரிக்கு எந்த இடையூறும் நேராது என்னும் ஒன்றையே நம்பிச் செல்லுகின்றார்.

எம் தெருவில் வாழும் இளைஞர் ஒருவர் ஆத்தூர்ப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டை சுமக்கும் பணிக்கு நாள்தோறும் சென்று வந்தார். லாரியின் பின்னே ஒட்டிச் செல்லுதலில் அவர் கைதேர்ந்தவர். "லாரியே என்னை இழுத்துக்கொண்டு போகிறது, அண்ணா, பெட்ரோல் கால் பங்கு கூடச் செலவாகவில்லை என்று தோன்றுகிறது" என்று எம்மிடம் ஒருமுறை கூறினார். கால் பங்கு என்பது மிகைக் கூற்று. ஆயினும் அவர் கணக்கு முற்றும் பொய்யன்று. போக வர நூறு கிலோமீட்டர், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று கொள்வோமாயின், நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் செலவு. அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் இருபது ரூபாய். மாதம் இருபத்தைந்து நாட்களுக்கு ஐந்நூறு ரூபாய். உண்டு உடுத்து நிறைந்தவர்க்கு அஃது அற்பமாகலாம். எம் தெருவில் அது பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் வீட்டின் ஒரு வார எண்ணெயுமாகும். ஆதலின் அவ்வாறு செல்வோரை அறிவிலிகள் என்று இகழ்தல் முறையாகாது.

ஒரு நாள் மாலை அவருக்கு முன்சென்ற லாரி, சாலையைக் கடந்த மாடொன்றின் பொருட்டுத் திடீரென நின்றது. மாடு பிழைத்தது, லாரிக்கும் ஊறில்லை. இளைஞரின் தொடை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியமை இறைவன் அருள் என்றே அவர் தாயார் இன்றும் கூறுவர். ஏழு மாதம் அவர் பணிக்குச் செல்ல இயலவில்லை. நாட்கூலி அறுநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அவர் இழந்த கூலி ஓர் இலட்சத்து ஐயாயிரம் ரூபாய். ஈராண்டுகள் ஒரு நாளும் தவறாது லாரியின் நிழலில் சென்றிருப்பினும் அவர் மிகுத்திருக்கக் கூடியது பன்னீராயிரமே. மருத்துவச் செலவையும், மூட்டை சுமந்த கால் இனி முன்போல் சுமவாது என்பதையும் யாம் இக்கணக்கிற் சேர்க்கவில்லை.

அவருடைய வேகமும் மிகுதியானதன்று. மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்றே கொள்வோம். இடைவெளி ஐந்து மீட்டர். முன்செல்லும் லாரி ஒவ்வொரு நொடிக்கும் தன் வேகத்தில் நொடிக்கு ஐந்து மீட்டர் வீதம் இழக்குமாறு பிரேக்கு போடுகின்றது எனின், பின்வருபவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே, ஒன்றரை நொடிக்குள், அவ்வைந்து மீட்டரும் மறைந்துவிடும். திறமையும் இளமையும் இங்கு உதவா. ஏனெனின் அவை தொழிற்படுதற்கு வேண்டிய காலமே இல்லை.

காற்று நிழலின் பெருங்குறை அது பார்வையையும் மறைத்தலாகும். லாரியின் பின்பலகையை ஒட்டிச் செல்பவர்க்கு அப்பலகையே உலகம். சாலையின் பள்ளம் லாரியின் சக்கரங்களுக்கு இடையே புகுந்து, அவர் முன்சக்கரத்தின் கீழ் வந்த பின்னரே அவர் கண்ணிற் படும். வேகத்தடையும் அவ்வாறே. தேய்ந்த டயரின் மேலுறை கிழிந்து பறப்பதும், தார்ப்பாயின் கயிறு அவிழ்ந்து வீசுவதும், மழைக்காலத்தில் சேற்று நீர் முகத்தில் அறைவதும் உண்டு. எம் பகுதிக்கே உரிய இடர் கரும்பு வண்டியால் வருவது. டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லரில் அகலத்திற்கு மீறிக் கரும்பு அடுக்கப்பெற்று, அதன் நுனிகள் பின்விளக்கை மறைத்துத் தொங்கும். இருளில் லாரி ஒன்று அவ்வண்டியைக் கண்டு சட்டென வலப்புறம் ஒதுங்கின், லாரியை ஒட்டி வந்தவர் எதிர்ப்படுவது அக்கரும்புச் சுவரையே. இச்சாலை நான்கு வழியாக அமைக்கப்பட்ட பின்னரும் ஊர்ப் புறவழிகளில் பல ஆண்டுகள் இருவழியாகச் சுருங்கியே இருந்தது. அவ்விடங்களில் எதிர்வரும் வண்டியும் அதே தாரையில் வரும். முன்செல்லும் லாரி அதனை மறைத்து நிற்கும்.

சின்னசேலத்தருகே தேநீர்க் கடை ஒன்றில் சங்ககிரியைச் சேர்ந்த முதிய லாரி ஓட்டுநர் ஒருவரோடு யாம் உரையாட நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலையிற் கழித்தவர் அவர். பின்னே ஒட்டி வருவோரைப் பற்றி, "என்ன செய்வீர்கள், அண்ணே?" என்று வினவினோம். அவர் கூறினார்: "பின்னால் வருகிறவன் முகம் என் பக்கக் கண்ணாடியில் தெரிந்தால் அவனையும் எண்ணித்தான் பிரேக்கை மிதிப்பேன். தெரியாதவனை எப்படி எண்ணுவது, தம்பி? அடிபட்ட பிறகுதான் ஒருவன் இருந்தான் என்றே எனக்குத் தெரிகிறது." லாரியின் கண்ணாடி நமக்குப் புலப்படாவிடின் நாமும் அதனை ஓட்டுபவர்க்குப் புலப்படோம். இதனினும் எளிய விதி பிறிதில்லை.

மேனாட்டார் இந்நிழலை இடரின்றிப் பெறுதற்கு அரிய முயற்சி செய்தனர். லாரிகளை மின்னணுக் கருவிகளால் பிணைத்து, முன்லாரி பிரேக்கு போட்ட கணத்திலேயே பின்லாரியும் தானே பிரேக்கு போடுமாறு அமைத்தனர். 2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு லாரிகளை 36 அடி இடைவெளியில் செலுத்திய சோதனையில் பின்லாரிக்கு நூற்றுக்கு 10 வீதமும் முன்லாரிக்கு நாலரை வீதமும் எரிபொருள் மிஞ்சியது. 2016 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து இவ்வாறு அணிவகுத்த லாரிகள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தை வந்தடைந்தன. ஆயினும் 2019 ஆம் ஆண்டு ஜனவரியில், இவ்வகை முயற்சியில் முன்னின்ற டைம்லர் நிறுவனம் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. பிற வண்டிகள் இடையிற் புகுந்து அணி குலையும். மீண்டும் சேர்தற்கு லாரி வேகத்தைக் கூட்டல் வேண்டும். அவ்வாறு கூட்டுவதில் மிஞ்சிய எரிபொருள் கரைந்துவிடும் என்பதே அவர் கண்ட உண்மை. மனிதரின் கண்ணையும் காலையும் நம்பாது கருவியை நம்பியவர்க்கே இந்நிலை எனின், இருசக்கர வண்டியில் வெறுங்கையோடு அதனை முயல்வோரைப் பற்றி என் சொல்வது!

நிற்க. லாரியின் பின்சென்றால் பெட்ரோல் மிஞ்சுகின்றது என்று பலரும் அனுபவத்தால் கூறுகின்றனர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அம்மிச்சத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வருகின்றது என்பதே கருதத்தக்கது. சரக்கு லாரி விரைந்து செல்வதன்று. நம் நாட்டில் அத்தகைய வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாதவாறு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்படல் வேண்டும் என்பது விதி. சுமை ஏற்றிய லாரி பெரும்பாலும் அறுபதை ஒட்டியே செல்லும். அதன் பின்சென்றவரும் அறுபதிலேயே சென்றார். முன்னர்க் கூறிய விதியை இங்கே பொருத்துக. எண்பதில் செல்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு பதினாறு பங்கு எனின், அறுபதில் செல்பவருக்கு அஃது ஒன்பது பங்கே. எதிர்ப்பில் நூற்றுக்கு நாற்பத்து மூன்றுக்கு மேல் குறைந்துவிட்டது! அதற்கு எவருடைய மறைவும் வேண்டியதில்லை. எந்திரத்தின் உராய்வும் சக்கரத்தின் உராய்வும் இருத்தலால் எரிபொருள் அவ்வளவும் குறையாது என்பது மெய்யே. ஆயினும் நிழலை நாடி அடைந்ததாக அவர் எண்ணிய ஆதாயத்திற் பெரும்பகுதி நிதானத்தின் ஆதாயமே ஆகும்.

ஆடி மாதத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அக்காலத்தில் மேற்கு நோக்கிச் சேலம் செல்வார்க்கு மேல்காற்று முகத்தில் மோதும். காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்து வீசின், அறுபதில் செல்பவர் உணர்வது தொண்ணூறின் காற்றை. எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். அந்நாளில் லாரியின் மறைவு தாயின் மடிபோல் அழைக்கும். மறைவை நாடாமல் வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைத்துக்கொள்ளுதலே அந்நாளுக்கு உரிய அறிவு.

நிதானத்திற்கும் விலை உண்டோ எனின், உண்டு. போக வர நூறு கிலோமீட்டரை எண்பதில் கடக்க எழுபத்தைந்து நிமிடம் ஆகும். அறுபதில் கடக்க நூறு நிமிடம். நாளொன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் நாம் கொடுக்க வேண்டிய விலை. கூலிக்குச் செல்வோர்க்கு அதுவும் எளிதன்று. விடியலில் இன்னும் சற்று முன்னே எழ வேண்டும். ஆனால் இவ்விலையை மறுநாள் காலையில் மீண்டும் கொடுக்கலாம். மற்ற விலையை ஒருமுறையே கொடுக்க இயலும்.

லாரியின் பின்னே செல்ல விரும்புவார் தாராளமாகச் செல்லட்டும். நெடுஞ்சாலையில் அது நல்ல துணை. அதன் வேகம் நம் வேகத்தைக் கட்டும். இரவில் அதன் பின்விளக்கு வழியைக் காட்டும். ஆனால் இடைவெளி மூன்று நொடியாதல் வேண்டும். அதனை அளத்தற்குக் கருவி வேண்டியதில்லை. சாலையோரத்துப் புளிய மரத்தையோ கிலோமீட்டர் கல்லையோ லாரியின் பின்பகுதி கடக்கும்போது, 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று பதறாமல் எண்ணுக. எண்ணி முடிப்பதற்குள் நாம் அவ்விடத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்பது பொருள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இவ்விடைவெளி ஐம்பது மீட்டர். மழையிலும் இருளிலும் அதனை இருமடங்காக்குக. இடையில் வேறொருவர் புகுந்தால் சினவாது மீண்டும் பின்வாங்குக. கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில் இந்நிழற் பேச்சே வேண்டா. அங்கே வேகம் குறைவு. ஆதலின் நிழலின் பயனும் இல்லை. இறக்கத்தில் முன்வண்டியின் பிரேக்கு காய்ந்து நாறுமாயின், ஓரிடத்தில் நின்று அதனைப் போகவிடுதலே நன்று. டயரில் காற்றைச் சரியாக வைத்திருத்தலும், முடுக்கியைத் திருகித் திருகி விடாமல் ஒரே சீராகப் பிடித்தலும், தூரத்தே நிறுத்தம் காணின் முன்கூட்டியே கையைத் தளர்த்துதலும் எவருடைய உயிரையும் பணயம் வையாத சிக்கனங்கள்.

நம் கல்லூரி மாணவருட் பலர் மோட்டார் சைக்கிளில் வருவோர். விடுமுறை தோறும் நெடுஞ்சாலை வழியே தத்தம் ஊர் செல்வோர். சிலர் வீட்டில் தந்தையோ தமையனோ அவ்வழியே நாள்தோறும் கூலிக்குச் செல்லுதலும் உண்டு. அவர்களிடம் இக்கணக்கை எடுத்துரைத்தல் கற்றவர் கடமையாகும். சிக்கனம் வேண்டா என்று கூறுதல் தகாது. அது வேண்டியவர்க்கு வேண்டியதே. லாரியிடமிருந்து நாம் கடன் கொள்ளத்தக்கது அதன் வேகத்தை. அதன் மறைவை அன்று. அவ்வேகத்தை ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருந்தும் பெறலாம். அங்கிருந்து நோக்கினால் லாரியின் இரு பக்கக் கண்ணாடிகளும், அதற்கு முன்னே விரிந்து கிடக்கும் சாலையும் நம் கண்ணுக்கு நன்கு தெரியும்.